நோகாத நோயும் நம் மனச்சாட்சியும்



பல்லில் ஒரு சிறு குத்து எடுத்தால் இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்ததும் வைத்தியரிடம் ஓடுகிறோம். காலில் முள் தைத்தால் நடையை நிறுத்தி முள்ளை எடுக்கிறோம். நோவு என்பது உடல் நமக்கு அனுப்பும் தூது. அந்தத் தூது வந்தபின் மருந்து தேடும்படி எவரும் நமக்குப் போதிக்க வேண்டியதில்லை. நோவே நம்மைப் பிடித்துத் தள்ளுகிறது. ஆனால் எந்தத் தூதும் அனுப்பாமல் வீட்டினுள் புகுந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓசையின்றி இருந்து, கடைசியில் வீட்டையே சரித்துவிடும் நோய் ஒன்று உண்டானால் என்ன செய்வது? நோகாத ஒன்றுக்காக நாள்தோறும் மருந்து உண்ண ஒருவர் கடமைப்பட்டவரா? அது அவருடைய சொந்த விருப்பமா, அல்லது பிறருக்கு அவர் செலுத்த வேண்டிய கடனா?

நம் மக்கள் "பிறஷர்" என்று சொல்லும் உயர் இரத்த அழுத்தமே அந்த நோய். அதன் கைகோத்து வருவது சிறுநீரக நோய். இவை இரண்டும் வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விடயங்கள் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இவற்றின் அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. அதைக் கல்முனைக் கரையோர மக்களின் வாழ்வை முன்வைத்து இவ்வாரம் சிந்திப்போம்.

இரு கூட்டாளிகள்

முதலில் நோயின் இயல்பை அறிவோம். நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றும் மூடிய கை அளவினவே. ஆயினும் இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டுக்குமே செல்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை இவை வடித்தெடுத்து, உடலுக்கு வேண்டியதை மீண்டும் உடலுக்கே கொடுத்து, ஒன்று அல்லது இரண்டு லீற்றரை மட்டும் கழிவோடு வெளியேற்றுகின்றன.

சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வயல் செய்வோருக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்காலில் நீர் அளவோடு வந்தால் வரம்பு நிற்கும். வேகம் மிகுந்து வந்தால் வரம்பு சிறிது சிறிதாகக் கரைந்து, ஒருநாள் உடையும். இரத்த அழுத்தம் நெடுநாள் உயர்ந்து நிற்கும்போது சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளுக்கு நேர்வதும் இதுவே. பழுதடைந்த சிறுநீரகமோ உப்பையும் நீரையும் முன்போல் வெளியேற்றாது. இரத்த நாளங்களை இறுக்கும் சுரப்பையும் அது தூண்டிவிடும். அதனால் அழுத்தம் இன்னும் ஏறும். ஏறிய அழுத்தம் எஞ்சிய வடிகட்டிகளை அழிக்கும். இவ்வாறு ஒன்றை ஒன்று வளர்க்கும் இரு கூட்டாளிகள் இவை. நீரிழிவும் மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டால் அழிவின் வேகம் பன்மடங்காகும்.

இந்த உறவை உலகம் அறிந்து நெடுங்காலமாகிவிட்டது. லண்டன் கைஸ் வைத்தியசாலையில் பணிபுரிந்த றிச்சர்ட் பிறைற் என்னும் வைத்தியர், உடல் வீங்கி வந்தவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுடரில் சூடாக்கிப் பார்த்தார். அது முட்டை வெள்ளைக்கருபோல் திரண்டது. அவர்கள் இறந்தபின் சிறுநீரகங்கள் பழுதுபட்டிருந்ததைக் கண்டு 1827ஆம் ஆண்டில் எழுதினார். அத்தகையோரின் இருதயம் பருத்திருந்ததையும் பின்னர் 1836இல் குறிப்பிட்டார். கையில் பட்டி கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலியரான றிவா-றொச்சி அமைத்ததோ 1896ஆம் ஆண்டில்தான்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பாதியளவு போகும்வரைகூட இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் அளவு பெரிதாக உயராமல் இருக்கலாம். கால் வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, உடல் அரிப்பு ஆகியன வரும்போது காலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். உலகில் வளர்ந்தோருள் மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டென்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது தெரியாதென்றும், ஐவரில் நால்வருக்கு அது போதிய சிகிச்சை பெறவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

கல்முனைக் கரையில்

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டி நிற்கும் கரை அது. முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி வருகின்றன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றமும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும் அந்தக் கரையின் பெரும் விழாக்கள். நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே சிறு தொகையினரே. பேசும் மொழி ஒன்று. பிழைப்பும் பெரும்பாலும் ஒன்று. மருதமுனையில் கைத்தறி, கரையெங்கும் மீன்பிடி, உள்ளே நெல்வயல், நகரில் வணிகம், மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைகளின் உழைப்பு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலை எவருடைய சமயத்தையும் கேட்கவில்லை.

அந்த அலையின் அழிவை உலகமே பார்த்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஓசையின்றி ஏறும் இந்த அலையை யார் பார்க்கிறார்கள்? நாள் முழுவதும் தறியில் அமர்ந்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். "உழைக்கிற உடம்புக்கு வருத்தம் வராது" என்று அவர் நம்புகிறார். தலை கனத்தால் ஒரு தேநீர். முதுகு நொந்தால் கடையில் ஒரு நோவுக் குளிசை. அழுத்தம் கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லி மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் குடித்தார். "இப்போ சுகமாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்திவிட்டார். அவர் சோம்பேறி அல்லர், பொறுப்பற்றவரும் அல்லர். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் சேர்ப்பவர். இருபது ஆண்டுக்குப் பின் வேண்டிய வீட்டுக்காக இன்று செங்கல் வாங்கும் அவர், இருபது ஆண்டுக்குப் பின் வேண்டிய தம் சிறுநீரகத்துக்காக இன்று ஒரு குளிசை குடிக்க மறுப்பதேன்?

காரணம் எளிது. வீடு இல்லாமை கண்ணுக்குத் தெரிகிறது. சிறுநீரகம் தேய்வது தெரிவதில்லை. நோவு தன் வேலையைச் செய்யாதபோது அந்த இடத்தை வேறொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவே மனச்சாட்சி. விவேகம் என்னும் நற்பண்பை ஆராய்ந்த புனித தோமஸ் அக்குயினாஸ், வருவதை முன்கூட்டி எண்ணிச் செயற்படுவதை அதன் ஓர் உறுப்பாகவே வைத்தார். கண்ணால் காணாததை அறிவால் கண்டு அதற்கேற்ப நடப்பது மனிதனுக்கே உரிய சிறப்பு அன்றோ?

"என் உடம்பு, என் விருப்பம்"

சிலர் கேட்கலாம்: "உப்பைத் தின்பவன் நான், வருந்தப் போகிறவனும் நான். இதில் பிறருக்கு என்ன?" இக்கேள்விக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். ஒருவரின் சுதந்திரத்தை நாம் மதிக்கிறோம். வைத்தியர்கூட நோயாளியைக் கட்டிவைத்து மருந்து ஊற்ற முடியாது, ஊற்றவும் கூடாது. ஆனால் விளைவு அவர் ஒருவரோடு நின்றுவிடும் என்பது உண்மையா?

சிறுநீரகம் செயலிழந்தபின் வருவதை நோக்குங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரத்தின் அருகே படுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லாவிடினும் போக்குவரத்துக்குச் செலவு உண்டு. உடன் போகும் மனைவியின் நாட்கூலி போகிறது. மூத்த மகனின் படிப்பு தடைப்படுகிறது. மகளின் கல்யாணத்துக்கென்று வைத்த நகை அடகுக் கடைக்குப் போகிறது. மாற்றுச் சிறுநீரகம் வேண்டுமென்றால், உடன்பிறந்தார் ஒருவர் தம் உடலைக் கீறிக் கொடுக்க முன்வர வேண்டும். அவ்வாறு கொடுப்பது உயர்ந்த பிறரன்புச் செயல் என்று பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் வெளியிட்ட சுற்றுமடலில் போற்றினார். ஆனால் அந்தத் தியாகத்தை ஒருவரிடம் கேட்கும் நிலைக்குத் தம்மைக் கொண்டு செல்லாதிருப்பதும் அன்பின் ஒரு வடிவம் அல்லவா?

இன்னொரு வரலாற்றையும் அறிவது நல்லது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1960இல் பெல்டிங் ஸ்கிறிப்னர் என்னும் வைத்தியர், ஒரே நோயாளிக்கு மீண்டும் மீண்டும் இயந்திரத்தால் இரத்தம் சுத்திகரிக்கும் வழியைக் கண்டார். இயந்திரங்களோ மிகச் சில; வேண்டி நின்றோர் பலர். எழுவர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒரு மதபோதகர், ஒரு வழக்கறிஞர், ஓர் இல்லத்தரசி, ஒரு வங்கியாளர், ஒரு தொழிற்சங்கத் தலைவர் போன்றோர் அதில் இருந்தனர். யார் இயந்திரத்துக்கு, யார் சாவுக்கு என்று அவர்கள் தீர்மானித்தார்கள். நோயாளிக்குப் பிள்ளைகள் எத்தனை, வருமானம் எவ்வளவு, கோயிலுக்குப் போகிறவரா என்பன போன்றவற்றையும் பார்த்தார்கள். அச்செய்தி வெளிவந்தபோது மக்கள் அதிர்ந்தார்கள். பத்து ஆண்டுகளின் பின், 1972இல், அச்சிகிச்சைக்கான செலவை ஏற்கும் சட்டம் அங்கே வந்தது. எனினும் இயந்திரம் குறைவாகவும் நோயாளர் மிகுதியாகவும் உள்ள எந்த நாட்டிலும் அந்தத் துயரக் கேள்வி இன்னும் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அந்தக் கதவு வரை பலரைப் போகவிடாமல் தடுக்கக்கூடியது அழுத்தத்துக்கான மலிவான குளிசையும், சமையலில் குறைத்த உப்பும் என்றால், அதைத் தனிமனித விருப்பம் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

"எழுதியபடி நடக்கும்"

இரண்டாவது மறுமொழி இன்னும் ஆழமானது. "ஆயுள் இறைவன் கையில். எழுதியது எழுதியபடி நடக்கும்" என்கிறார்கள். இந்துக்கள் தலைவிதி என்பார்கள். முஸ்லிம்கள் கத்ர் என்பார்கள். நாம் இறைசித்தம் என்போம். சொல் வேறு; சாய்ந்துகொள்ளும் சுவர் ஒன்றே.

ஆனால் இச்சமயங்கள் உண்மையில் என்ன கற்பிக்கின்றன? சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் வைத்தியரையும் மருந்தையும் இறைவன் தந்த கொடைகளாகவே காட்டுகிறது. அறிவுள்ளவன் அவற்றை வெறுப்பதில்லை என்கிறது. நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்தான் என்னும் கருத்துடைய நபிமொழியை முஸ்லிம் குடும்பங்களில் சிறுபிள்ளைகளும் அறிவார்கள். ஒட்டகத்தை முதலில் கட்டு, பின் இறைவனில் நம்பிக்கை வை என்னும் பொருள் தரும் நபிமொழியும் அவர்களிடம் உண்டு. நம்பிக்கை என்பது கயிற்றை வீசி எறிவது அன்று.

நோன்பைப் பாருங்கள். றமழான் மாதத்தில் நோயுற்றோருக்குத் திருக்குர்ஆனே விலக்களித்து, பின்னர் ஈடுசெய்ய வழி காட்டுகிறது. நம் திருச்சபையிலும் தவக்கால உபவாசம் நோயாளரைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் பக்தி மிகுந்த முதியோர் பலர் வைத்தியரைக் கேளாமலே நோன்பிருந்து, மருந்து வேளைகளைத் தவறவிடுகிறார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர் நாள் முழுதும் நீர் அருந்தாதிருப்பது சிலருக்கு ஆபத்தாகலாம். அதை வைத்தியரோடும் தம் சமயப் பெரியோரோடும் முன்கூட்டியே பேசி முடிவு செய்வது பக்திக் குறைவு அன்று. இறைவன் தந்த விலக்கைத் தாழ்மையோடு ஏற்பதும் கீழ்ப்படிதலே.

இன்னொன்றையும் எண்ணுவோம். அமெரிக்க ஜனாதிபதி பிறாங்ளின் றூஸ்வெல்ற் தம் காலத்தில் உலகின் மிக வலிமை வாய்ந்த மனிதர்களுள் ஒருவர். 1944ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவரைப் பரிசோதித்த இருதய வைத்தியர் கண்ட அழுத்தம் 186/108. ஓய்வும், உப்புக் குறைத்த உணவும், வேறு சில மருந்துகளும் கொடுத்தார்கள். அழுத்தத்தை நன்கு தணிக்கும் குளிசை அன்று இருக்கவில்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார். அன்று அவரது அழுத்தம் 300ஐத் தாண்டியிருந்தது. அதன்பின் 1950களின் இறுதியில் தயசைட் வகைக் குளிசைகள் வந்தன. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்த கப்டோபிறில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீரிழிவால் பழுதடையும் சிறுநீரகத்தை அது காக்கிறது என்பது 1993இல் உறுதியாயிற்று. ஒரு பேரரசின் தலைவருக்குக் கிடைக்காத மருந்து இன்று சாய்ந்தமருது மீனவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரப்படுகிறது. அதை அலுமாரிக்குள் போட்டு வைத்துவிட்டு "இறைவன் சித்தம்" என்பது சரியா?

குற்றம் யாருடையது?

இதுவரை சொன்னதைக் கேட்டு எவரேனும், "அப்படியானால் சிறுநீரகம் கெட்டவர்கள் எல்லாரும் தம் குற்றத்தால் கெட்டவர்கள்" என்று முடிவு செய்வாராயின், அது பெரும் அநியாயம். கடமையைப் பற்றிப் பேசுவது வேறு. நோயாளியின் தலையில் பழியைச் சுமத்துவது வேறு.

நம் நாட்டையே பாருங்கள். 1990களில் வட மத்திய மாகாணத்தின் நெற்செய்கை ஊர்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருப்பது தெரியவந்தது. அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியான தெஹியத்தகண்டியிலும் அது காணப்பட்டது. அந்நோயாளரில் பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் நீரிழிவும் இல்லை. உயர் அழுத்தமும் இல்லை. குடிநீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர் வற்றும் உழைப்பு எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. எல்சல்வடோர், நிக்கராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளரிடமும் இதையொத்த நோய் உண்டு. வயலில் உழைத்ததைத் தவிர அவர்கள் செய்த குற்றம் என்ன?

உயர் அழுத்தத்தால் வரும் நோயிலும் பழியைப் பங்கிடுவது எளிதன்று. ஐக்கிய அமெரிக்காவில் நாட்பட்ட சிறுநீரக நோயாளரைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஒரு பெரிய ஆய்வு 2001இல் தொடங்கியது. பின்னர் சிக்காகோ நகரின் ஸ்பானிய மொழி வழிவந்த மக்களும் அதில் சேர்க்கப்பட்டனர். அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் அவர்களிடையே வெள்ளையரிடையே இருந்ததைவிட அதிகமாக இருந்தனர். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து வகையைப் பெற்றவர்களோ அவர்களுள் குறைவு. வேறுபாடு உடலில் மட்டும் இருந்ததா? வைத்தியச் செலவுக்குக் காப்புறுதி இல்லாமை, வைத்தியரின் மொழி புரியாமை, ஒருநாள் வேலையை விட்டால் கூலி போய்விடும் நிலை ஆகியன அம்மக்களில் பலருடைய வாழ்வில் உண்டு. செல்வம் மிகுந்த நாட்டிலேயே இவ்வாறென்றால் நம் கரையோர ஏழையின் நிலை எப்படி?

கிளினிக்குக்கு விடியமுன் போய் இலக்கம் எடுத்து, நண்பகல் வரை காத்திருந்து, இரண்டு நிமிடம் வைத்தியரைக் கண்டு திரும்பும் கூலியாளரைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, வெளியே வாங்கும்படி சீட்டுக் கொடுக்கப்பட்டபோது, பத்து நாள் மருந்தை இருபது நாளுக்குப் பங்கிட்டுக் குடித்த தாய்மார் குற்றவாளிகளா? மரக்கறி விலை ஏறும்போது ஒரு துண்டுக் கருவாட்டோடு சோற்றை முடிக்கும் குடும்பத்திடம் உப்பைக் குறை என்று மட்டும் சொல்வது அன்பாகுமா?

ஆகவே கடமை ஒன்று. அதைச் சுமக்கும் தோள்கள் பல. எவருக்கு எவ்வளவு ஆற்றல் உண்டோ அவ்வளவு பொறுப்பு. மருந்து கையில் இருந்தும் குடியாதவரின் பொறுப்பு ஓரளவு. மருந்து வந்து சேரச் செய்ய வேண்டியவர்களின் பொறுப்பு அதனிலும் பெரிது.

ஒரே தட்டைச் சுற்றி

கல்முனைக் கரை முஸ்லிம் மக்களிடம் ஓர் அழகிய வழக்கம் உண்டு. கல்யாணத்திலும் கந்தூரியிலும் பெரிய தட்டு ஒன்றில் சோறும் கறியும் வைத்து, அதைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்து உண்பார்கள். சஹன் என்பார்கள். செல்வரும் ஏழையும் ஒரே தட்டில் கைவைப்பார்கள். அந்தத் தட்டில் ஒருவருக்கு மட்டும் தனியாக உப்புப் போட முடியாது. ஒருவருக்கு மட்டும் தனியாகக் குறைக்கவும் முடியாது. நம் ஒவ்வொரு வீட்டுச் சமையற்பானையும் அத்தகைய தட்டே. வீட்டில் ஒருவருக்கு அழுத்தம் என்றால், அவருக்குத் தனிக்கறி வைத்து அவரை மூலையில் அமர்த்துவதே வழக்கமாகிவிட்டது. இரண்டு வாரம் அவர் பொறுப்பார். மூன்றாம் வாரம் களவாக ஊறுகாய்ப் போத்தலைத் திறப்பார். குடும்பம் முழுவதும் உப்பைக் குறைத்தால் அவருக்குத் தனிமை இல்லை, பிள்ளைகளுக்கும் நன்மை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிறாமுக்குக் குறைந்த உப்பே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, மாசி, பப்படம், அச்சாறு, கடைச் சிற்றுண்டி எல்லாவற்றிலும் உள்ள உப்பும் அந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும்!

கிழக்குக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் மரபுடையவர்கள். கல்யாணமான ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். மருமகனுக்குச் சுவை குறைந்தால் மரியாதை குறைந்ததாகிவிடுமோ என்று மாமியார் அஞ்சுகிறார். அன்பினால் போடும் அந்த ஒரு பிடி உப்பே அவருக்குப் பகையாகிறது. மருமகன்மார் தாமே முன்வந்து, "மாமி, உப்பைக் குறைச்சுப் போடுங்க, எல்லாருக்கும் நல்லது" என்று சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தை ஒரு வீட்டின் தலைமுறையையே காக்கும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் வைத்தியத்துக்கு நான்கு பகுதிகளை எண்ணுகிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர். அந்த நான்காமவரை நாம் மறந்துவிட்டோம். மகள் ஒருத்தி இரவு உணவின்பின் "வாப்பா, குளிசை குடிச்சிட்டீங்களா?" என்று கேட்பதும், "அப்பா, நாளைக்குக் கிளினிக், கொப்பியை எடுத்து வைச்சிட்டேன்" என்று மகன் சொல்வதும் அந்த நான்காம் பகுதியே. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள் தொலைபேசியில் "பணம் வந்ததா?" என்பதோடு "அழுத்தம் எவ்வளவு?" என்றும் கேட்கட்டும்.

இந்தத் தட்டு வீட்டோடு முடிவதில்லை. கல்முனை நகரில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் உள்ளன. நிருவாக எல்லைகளைப் பற்றி அங்கே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே தீர்க்க முனையவில்லை. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்ட முஸ்லிம் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் வேண்டியது ஒன்றே: தட்டுப்பாடின்றி மருந்து, அளந்து பார்க்க ஆள், அன்பாகப் பேச ஒரு சொல். இதைக் கேட்பதில் இரு மக்களும் ஒரே குரலில் பேசினால் எவருக்கு இழப்பு? ஜும்ஆத் தொழுகையின் பின் பள்ளிவாசல் முற்றத்திலும், ஞாயிறு பூசையின் பின் ஆலய முற்றத்திலும், திருவிழாவில் கோயில் வீதியிலும் மாதம் ஒருமுறை அழுத்தம் அளக்கும் மேசை ஒன்று போடுவது பெரும் செலவான காரியமா? தேவை மனம் மட்டுமே.

நாம் செய்யக்கூடியவை

அறம் என்பது பேச்சில் நின்றால் பயனில்லை. ஆகவே சில நடைமுறைகள்.

35 வயதைக் கடந்த ஒவ்வொருவரும், நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அரசாங்கம் 2011 முதல் அமைத்துவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. 140/90க்கு மேல் மீண்டும் மீண்டும் காட்டினால் அது நோய். அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் சிறுநீரில் புரதமும், இரத்தத்தில் கிரியற்றினினும் பார்க்கும்படி வைத்தியரைக் கேட்கத் தயங்கக்கூடாது. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவர்களின் அழுத்தத்தைப் பெரும்பாலும் 130/80க்குக் கீழே வைக்கவே வைத்தியர்கள் முயல்கிறார்கள்.

அழுத்தம் இறங்கிவிட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்தினால்தான் அது இறங்கியது. குளிசை தலைசுற்று, இருமல் போன்ற தொல்லை தந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. முதுகு நோவுக்கும் மூட்டு நோவுக்கும் கடையில் வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்ற குளிசைகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியன, கேளாமல் விழுங்காதீர்கள். இந்துப்பும் உப்பே, அது தீங்கற்றது என்பது வீண் நம்பிக்கை. உப்புக்குப் பதிலாக விற்கப்படும் சில தூள்களில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளருக்கு அது ஆபத்து. இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்கள் அதன் அளவையும் வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

வாசகர்களே, நம் அயலில் ஒருவருக்கு இந்நோய் வந்துவிட்டால், "நீ அப்போதே கேட்டிருக்கலாம்" என்ற சொல்லை நாவில் எடுக்காதிருப்போம். அவரை இயந்திரத்தின் அருகே கொண்டுபோய் விட ஓட்டோவுக்குப் பணம் கொடுப்போம். அந்த நான்கு மணி நேரம் அவருடைய பிள்ளைகளை நம் வீட்டில் வைத்திருப்போம். இன்னும் வராதவர்களுக்கோ, வருமுன் காப்பதே நாம் செய்யும் உதவி.

நோவு வந்து கதவைத் தட்டும்வரை காத்திருப்பது இயற்கை. தட்டுமுன் எழுந்து விளக்கேற்றுவது மனிதப் பண்பு. நோகாத உடலுக்காக ஒருவர் இன்றிரவு குடிக்கும் ஒரு சிறு குளிசை, அவருடைய மனைவிக்கும் மக்களுக்கும் அவர் செலுத்தும் கடனின் ஒரு தவணை. அதைத் தவறாமல் செலுத்துவோம். செலுத்த இயலாதவருக்குக் கைகொடுப்போம்.